உயர் வெப்ப ஒலியலை சென்சார்: மின்முனைப் படலம் சிதையாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஒலியலை சென்சார் என்பது, படிகத்தின் மேற்பரப்பில் ஓடும் ஒலியலையைச் சீப்பின் பற்கள் போன்ற மெல்லிய உலோகக் கோடுகளால் எழுப்பிப் படிக்கும் கருவி; அந்தக் கோடுகள்தான் மின்முனை விரல்கள். அப்படி எட்டு சென்சார்களை ஒரே வேஃபரில் (மெல்லிய படிகத் தட்டில்) செய்து, வயர் கட்டி, 800 டிகிரியில் ஓர் இரவு உலையில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் எட்டிலும் சிக்னல் இல்லை. முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் சிக்னலை அளக்கும் நெட்வொர்க் அனலைசரை, அப்புறம் என்னையே. மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. கண்ணாடி போல மின்னிய பிளாட்டினம் மங்கிய சாம்பல் நிறத்தில், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி துளித்துளியாகத் திரண்டு நின்றது.

பிளாட்டினத்தின் உருகுநிலை 1768 டிகிரி செல்சியஸ். அதில் பாதிக்கூட நான் சூடேற்றவில்லை. அந்த எண்ணை நம்பித்தான் ஏமாந்தேன். படலம் உருகவே இல்லை. திண்மமாக இருக்கும்போதே அதன் அணுக்கள் நகர்ந்திருக்கின்றன. நூறு நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் பொருள் கொஞ்சம், மேற்பரப்பு மிக அதிகம். அந்தப் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் வழி கிடைத்தால் அணுக்கள் விடுவதில்லை. துகள் எல்லைகளில், அதாவது படலத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில், பள்ளம் விழும், பள்ளம் ஓட்டையாகும், ஓட்டை பெருகும், கடைசியில் தீவுகள் மட்டும் மிஞ்சும்.

தோராயமாகக் கணக்கிட ஒரு வழி உண்டு. உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்குங்கள். பிளாட்டினத்துக்கு 2041-இல் பாதி 1020 கெல்வின், அதாவது 747 டிகிரி. அந்த அளவை நெருங்கினாலே அணுக்கள் தாராளமாக நடமாடத் தொடங்கிவிடும். சுத்தமான பிளாட்டினப் படலங்கள் சுமார் 700 டிகிரியிலேயே தடுமாறுவது இதனால்தான்.

நான் மூன்று மாதத்தையும் ஒரு வேஃபரையும் இழந்து கற்றுக்கொண்ட வரிசை இது. முழுக்க ஒன்றுதான் சொல்லப்போகிறேன்: சென்சாரைச் சுடுவதற்கு முன் வெறும் படலத்தைச் சுட்டுப் பாருங்கள்.

1. மூன்று எண்களை எழுதி வையுங்கள்

அதிகபட்ச வெப்பநிலை, அங்கே இருக்கவேண்டிய மொத்த மணிநேரம், சுற்றியுள்ள வாயு. இந்த மூன்றும் இல்லாமல் உலோகம் தேட வேண்டாம். "800 டிகிரியைத் தாங்கும்" என்று யாராவது சொன்னால் உடனே கேளுங்கள்: எத்தனை மணிநேரம், எந்த வாயுவில்? நாலு மணிநேரம் தாங்கிய படலம் நானூறு மணிநேரம் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வாயுவைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். காற்றில் நன்றாக இருக்கும் உலோகம் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சிலிக்கா குழாய்க்குப் பக்கத்தில் பிளாட்டினத்தை வைத்தால், சிலிக்காவிலிருந்து பிரியும் சிலிக்கன் அதனுடன் சேர்ந்து சிலிசைடாகி உடையும். தெர்மோகப்பிளோடு (வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி இணையோடு) வேலை செய்பவர்களுக்கு இது பழைய கதை.

2. அடித்தளப் படிகமும் காகிதங்களும்

குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். அதோடு அதன் ஆட்டம் முடிந்தது. லித்தியம் நியோபேட் சூடாகும்போது தானே மின்னூட்டம் சேர்க்கும். மின்முனை விரல்களுக்கிடையே பொறி பறந்து படலம் சிதறும். இந்த வேலைக்கு வழக்கமாக எடுப்பது லாங்கசைட் (லாந்தனம், காலியம், சிலிக்கன் கொண்ட ஆக்சைடுப் படிகம்). உருகுநிலையான 1470 டிகிரி வரை அதன் படிக அமைப்பு மாறாது, சூடேறும்போது மின்னூட்டமும் சேராது. அதே குடும்பத்தில் கால்சியம், டாண்டலம் கொண்ட சி.டி.ஜி.எஸ். என்ற படிகம் உண்டு; அதில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் உயர் வெப்பத்தில் மின்கசிவு குறைவு.

ஒரு எச்சரிக்கை: வெற்றிடத்திலோ ஆக்சிஜன் மிகக் குறைந்த வாயுவிலோ சுட்டால் லாங்கசைட்டிலிருந்து காலியம் ஆவியாகி வெளியேறும். அதில் ஒரு பங்கு உங்கள் படலத்துக்குள்ளும் புகலாம். அப்படிப்பட்ட சூழல் என்றால் மின்முனைக்குக் கீழே மெல்லிய அலுமினாத் தடுப்பு ஒன்று வைப்பது நல்லது.

வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டியவை: வெட்டுக் கோணங்களைக் காட்டும் சான்றிதழ், எந்தப் பக்கம் பாலிஷ் செய்யப்பட்டது என்ற குறிப்பு, தட்டையான விளிம்பு எந்தத் திசையைக் காட்டுகிறது என்ற விவரம். கடைசி விவரம் எனக்கு வராமல் போனது. வேஃபரை 90 டிகிரி திருப்பி வைத்து அச்சிட்டேன். அது தனிச் சோகம்.

இன்னொரு காகிதம், யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: தூய்மை அறையின் (தூசியில்லாமல் சிப் செய்யும் கூடத்தின்) எழுத்துபூர்வ அனுமதி. பிளாட்டினம், ரோடியம் போன்ற உலோகங்களையும் காலியம் உள்ள படிகங்களையும் சிலிக்கன் சிப் செய்யும் கருவிகளுக்குள் பல இடங்களில் விடமாட்டார்கள். அந்த உலோகங்கள் சிலிக்கனைக் கெடுக்கும் என்ற பயம், நியாயமான பயம்தான். எந்த ஸ்பட்டரிங் கருவி (அயனிகளால் அடித்து உலோகத்தைப் படிய வைப்பது), எந்த உலை, எந்தத் தட்டு உங்களுக்குத் திறந்திருக்கிறது என்று முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். வேஃபரைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதிக்குக் காத்திருந்த வாரங்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

3. உலோகத்தைத் தேர்ந்தெடுங்கள்

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே, சுமார் 300 டிகிரியிலேயே, ஒலியலையின் அழுத்தம் தாங்காமல் நகரத் தொடங்கும். அதை விடுங்கள். மாலிப்டினமும் டங்ஸ்டனும் உருகுநிலைப் பட்டியலில் ஜாம்பவான்கள். ஆனால் காற்றில் ஆக்சைடாகிவிடும். மாலிப்டினம் ஆக்சைடு 795 டிகிரியில் உருகி, ஆவியாகவும் போய்விடும். இரிடியம் 2446 டிகிரி வரை உருகாது. ஆனால் காற்றில் ஆக்சைடாகும், சூடு ஏறினால் அந்த ஆக்சைடும் பறக்கும். ஆக, மூடு படலம் இல்லாமல் காற்றில் இவற்றை நம்ப வேண்டாம்.

மிச்சமிருப்பது பிளாட்டினமும் அதன் உறவினர்களும். என் பரிந்துரை இப்படி:

சுமார் 600 டிகிரி வரை: சுத்தமான பிளாட்டினம், சரியான ஒட்டுப் படலத்தோடு. போதும், பணத்தைச் சேமியுங்கள்.

அதற்கு மேல் 800–1000 வரை: பிளாட்டினத்தோடு 10 சதவீதம் ரோடியம் கலந்து, கூடவே சிர்கோனியம் ஆக்சைடையும் சேர்த்துப் படிய வைத்த கலவைப் படலம். அமெரிக்காவின் மைன் பல்கலைக்கழகக் குழு இந்த வழியில் 1000 டிகிரி வரை சென்சாரை ஓட்டிக் காட்டியிருக்கிறது. ஆக்சைடுத் துகள்கள் உலோகத் துகள்களுக்கிடையே ஆப்பு வைத்தது போல நின்று, அணுக்கள் போகும் வழியை மறிக்கின்றன. விலை என்னவென்றால் மின்தடை கூடும். ஆக்சைடு அதிகமானால் படலம் உறுதியாக இருக்கும், ஆனால் மின்சாரம் போகாது.

இன்னொரு பாதை ருத்தேனியம்–அலுமினியச் சேர்மம். ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருப்பவர்கள் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு உலோகங்களின் விகிதம் கொஞ்சம் தவறினாலும் குணம் மாறும். முதல் முயற்சிக்கு நான் சொல்லமாட்டேன்.

ஒட்டுப் படலம்தான் என்னைக் கவிழ்த்தது. பிளாட்டினம் ஆக்சைடுப் படிகத்தின் மேல் தானாக ஒட்டாது. நடுவே சில நானோமீட்டர் வேறு உலோகம் வேண்டும். எல்லாத் தூய்மை அறையிலும் டைட்டானியம் இருக்கும், எல்லோரும் அதையே போடுவார்கள். நானும் போட்டேன். சூட்டில் டைட்டானியம் பிளாட்டினத்தின் துகள் எல்லைகள் வழியாக மேலேறி, வழியிலேயே ஆக்சைடாகிவிடும். கீழே ஒட்டுவதற்கு ஆள் இல்லை, மேலே துகள் எல்லைகள் பிளந்து கிடக்கும். குரோமியமும் அதே கதை. சிர்கோனியம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஆக்சைடாகி நிற்கும். அதைக் கேளுங்கள். இல்லை என்றால் டாண்டலம். அதுவும் இல்லை என்றால் இலக்குத் தட்டு (ஸ்பட்டரிங்கில் உலோகம் தரும் தட்டு) வரும்வரை காத்திருங்கள். டைட்டானியத்தை வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

4. வெறும் படலத்தைச் சுடுங்கள்

இதில்தான் நேரம் செலவழியுங்கள். வேஃபரின் ஓர் ஓரத்தையோ, மலிவான உடைந்த துண்டையோ எடுத்து, எந்த வடிவமும் இல்லாமல் முழுப் படலம் படிய வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு துண்டில், சென்சாரின் விரல் அகலத்திலேயே நெளிகோடு ஒன்றை அச்சிடுங்கள். இரண்டும் வேண்டும். சிதைவு துகள் எல்லைகளில் மட்டுமல்ல, விளிம்பிலிருந்து பின்வாங்கியும் தொடங்கும். முழுப் படலத்துக்கு விளிம்பு குறைவு, ஒன்றரை மைக்ரோமீட்டர் கோட்டுக்கு இரண்டு பக்கமும் விளிம்புதான். முழுப் படலம் தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு நெளிகோட்டில் தோற்றவர்கள் உண்டு.

நெளிகோட்டில் நான்கு முனை இணைப்பு வையுங்கள். இரண்டு முனை மட்டும் என்றால் வயரின் தடையையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். உலைக்குள்ளேயே தடையைத் தொடர்ந்து பதிவு செய்ய முடிந்தால் மிக நல்லது.

அந்தப் பதிவைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. நல்ல பிளாட்டினமும் சூட்டில் தடை கூட்டும். 0 டிகிரியில் 100 ஓம் காட்டும் தரமான பிளாட்டின வெப்பமானி 850 டிகிரியில் 390.48 ஓம் காட்டும். கிட்டத்தட்ட நான்கு மடங்கு, எந்தச் சிதைவும் இல்லாமலே. என் நண்பர் ஒருவர் இந்த ஏற்றத்தைப் பார்த்துப் பயந்து நல்ல படலத்தைக் குப்பையில் போட்டார். ஆகவே ஒப்பிட வேண்டியது ஒரே வெப்பநிலையில் எடுத்த அளவுகளை: சுடுவதற்கு முன் அறை வெப்பநிலையில் ஒன்று, ஆறிய பிறகு ஒன்று. நடுவே ஒரே வெப்பநிலையில் நிறுத்திவைக்கும்போது தடை தட்டையாக ஓடுகிறதா என்பது இன்னொன்று.

முதல் சூட்டில் அறை வெப்பநிலைத் தடை கொஞ்சம் இறங்கினால் கவலை வேண்டாம். துகள்கள் வளர்ந்து குறைகள் ஆறுகின்றன. அப்படி இறங்கி நிலைத்தால் நல்ல செய்தி. இறங்கி, நின்று, பிறகு மெதுவாக ஏறத் தொடங்கினால் ஓட்டை விழத் தொடங்கிவிட்டது. அந்த ஏற்றம் வெகுநேரம் சாதுவாகத்தான் இருக்கும். படலத்தில் தொடர்ச்சியான பாதை அறுந்த கணத்தில் ஒரேயடியாக எகிறும். சாதுவாக ஏறும்போதே நிறுத்தி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் காரணம் தெரியும். எகிறிய பிறகு பார்த்தால் தீவுகள் மட்டும்தான் தெரியும்.

தேறுவதற்கான அளவுகோல்: உங்கள் இலக்கு வெப்பநிலையைவிட 50 டிகிரி கூடுதலாக, குறைந்தது ஒரு முழு நாள். அதில் தேறாத படலத்தில் சென்சார் செய்ய வேண்டாம்.

5. தடிமனைக் கணக்குப் போடுங்கள்

தடிமனான படலம் மெதுவாகச் சிதையும். அப்படியானால் அரை மைக்ரோமீட்டர் போட்டுவிடலாமே? முடியாது. பிளாட்டினத்தின் அடர்த்தி 21.45, அலுமினியத்தைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு கனம். அலை அந்தப் பாரத்தை உணரும். அதிர்வெண் இறங்கும், பிரதிபலிப்பு மாறும்.

434 மெகாஹெர்ட்ஸுக்கு லாங்கசைட்டில் அலை வேகம் விநாடிக்குச் சுமார் 2700 மீட்டர் என்று வைத்தால் அலைநீளம் 6.2 மைக்ரோமீட்டர், விரல் அகலம் அதில் கால்வாசி, ஏறக்குறைய 1.55. விரலின் நீளம் நூறு அலைநீளம் என்றால் ஒரு விரலில் (நீளத்தை அகலத்தால் வகுத்தால்) 400 சதுரங்கள். 150 நானோமீட்டர் திண்மப் பிளாட்டினத்துக்குச் சதுரத்துக்கு 0.7 ஓம், ஒரு விரலுக்கு 280 ஓம். சூட்டில் அது மூன்றரை மடங்குக்கு மேல் போகும். உண்மையான படலம் இதைவிட மோசம், கலவைப் படலம் அதைவிட மோசம். விரல்கள் இணையாக நிற்பதால் மொத்தத் தடை இறங்கும், ஆனாலும் இந்த எண்ணைக் காகிதத்தில் பார்க்காமல் மாஸ்க் (வடிவத்தை அச்சிடும் தகடு) ஆர்டர் செய்யாதீர்கள். நீளத்தைக் குறைப்பது மலிவான தீர்வு.

6. படிவும் லிஃப்ட்-ஆஃபும்

பிளாட்டினத்தை ரசாயனத்தில் அரிப்பது கடினம் என்பதால் லிஃப்ட்-ஆஃப்தான் வழி: ரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சில் வடிவம் அச்சிட்டு, மேலே உலோகம் படிய வைத்து, பிறகு பூச்சைக் கரைத்து வேண்டாத உலோகத்தை நீக்குவது. ஆவிப்படிவு என்றால் விளிம்பு சுத்தமாக வரும். ஸ்பட்டரிங் என்றால் ரெசிஸ்டின் பக்கச் சுவரிலும் உலோகம் படிந்து, பிறகு விளிம்பில் வேலி போல நிமிர்ந்து நிற்கும். இரண்டு அடுக்கு ரெசிஸ்ட் போட்டு அடியில் குடைவு வைத்தால் அது குறையும்.

படிவுக்குச் சற்று முன்பு ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சிறிது நேரம் காட்டுங்கள். ரெசிஸ்டின் மிச்சம் கீழே மாட்டிக்கொண்டால் சூட்டில் அது வாயுவாகிப் படலத்தைக் குமிழியாகத் தூக்கும். சிர்கோனியமும் பிளாட்டினமும் வெற்றிடத்தை உடைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் படிய வேண்டும். நடுவே கதவைத் திறந்தால் பிளாட்டினம் படியும் முன்பே ஒட்டுப் படலம் ஆக்சைடாகிவிடும். கலவைப் படலத்துக்கு பிளாட்டினம்–ரோடியத்தையும் சிர்கோனியத்தையும் சேர்த்துப் படிய வைத்து, ஆக்சிஜனை அளந்து விட வேண்டும். விகிதம் சரியாக அமைய, குறைந்தது மூன்று முயற்சிகளாவது ஆகும் என்று முன்கூட்டியே நேரம் ஒதுக்குங்கள்.

லிஃப்ட்-ஆஃப் செய்த அசிட்டோனில் மிதக்கும் உலோகத் துகளைக் கொட்டிவிடாதீர்கள். வடிகட்டிச் சேர்த்து வைத்தால் மீட்பவர்களிடம் கொடுக்கலாம்.

7. மூடு படலம்

மேலே ஓர் ஆக்சைடு மூடி போட்டால் மேற்பரப்பு வழியாக அணுக்கள் ஓடுவது குறையும். அலுமினாவை அணு அடுக்குப் படிவு முறையில் போடுவது வழக்கம். ஒரு சுற்றுக்கு சுமார் 0.1 நானோமீட்டர், 50 நானோமீட்டருக்கு 500 சுற்று, சுற்றுக்குப் பத்து விநாடி என்றால் ஒன்றரை மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கருவி சூடேற, ஆற ஆகும் நேரம் தனி. இதில் பயன்படும் டிரைமெத்தில் அலுமினியம் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். எனவே பாதுகாப்புப் பயிற்சிக்கும் அனுமதிக்கும் தனியாக நாள் போகும்.

பொறிகள் மூன்று. ரெசிஸ்ட் இருக்கும்போது இதைச் செய்ய முடியாது, 200 டிகிரிக்கு மேல் அது கருகும். வயர் கட்ட வேண்டிய பட்டைகளும் மூடப்பட்டுவிடும். அவற்றை மறைத்து வையுங்கள் அல்லது பிறகு பிளாஸ்மாவில் திறந்துவிடுங்கள். மூன்றாவது முக்கியமானது: இந்த அலுமினா படிகமற்றது. 800–900 டிகிரியைத் தாண்டினால் படிகமாகிச் சுருங்கும், தடிமனாக இருந்தால் விரிசல் விடும். மெல்லியதாகப் போட்டு, மெதுவாகச் சூடேற்றுங்கள். மூடியின் எடையும் அதிர்வெண்ணை நகர்த்தும். அதனால் வடிவமைப்பில் அதைச் சேர்த்த பிறகே மாஸ்க்.

8. வயர்

படலம் தாங்கி, வயர் அறுந்த சென்சார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளிப் பசை இந்த வேலைக்கு ஆகாது. எப்பாக்ஸி கருகும், வெள்ளி நகரும். தங்க வயர் 1064 டிகிரியில் உருகும், அதற்கு முன்பே பிளாட்டினப் பட்டைக்குள் கரையும். பிளாட்டின வயர்தான் சரி. பட்டையை மட்டும் தனியாகத் தடிமனாக்கிவிட்டுக் கட்டுங்கள்.

9. உலை

நிமிடத்துக்கு 5 டிகிரி வேகத்தில் அறை வெப்பநிலையிலிருந்து 800 வரை ஏற இரண்டரை மணிநேரத்துக்குச் சற்று அதிகம். இறங்கும்போது 300-க்குக் கீழே உலை தானாகத்தான் ஆறும், அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் படிகம் வெடிக்கும். ஆக, நாளுக்கு ஒரு சுற்று. பத்து சுற்று வேண்டுமென்றால் இரண்டு வாரம் என்று எழுதுங்கள்.

உலையின் திரையில் தெரியும் எண் உலைச் சுவரின் வெப்பநிலை. சென்சாருக்குப் பக்கத்தில் தனித் தெர்மோகப்பிள் வையுங்கள். 1000-ஐ நெருங்கினால் கே வகைத் தெர்மோகப்பிளின் அளவு நகரும். எஸ் வகை வாங்குங்கள். என் உலையில் வித்தியாசம் 30 டிகிரிக்கு மேல் இருந்தது. முதல் தோல்வியில் நான் 800 என்று நினைத்தது உண்மையில் எவ்வளவு என்று இப்போது யாருக்குத் தெரியும்!

சென்சாரை அலுமினாத் தட்டில் வையுங்கள். முன்பு யாராவது அந்த உலையில் என்ன சுட்டார்கள் என்ற பதிவேட்டையும் பாருங்கள்.

10. கெட்டது எது என்று பிரித்தறியுங்கள்

சிக்னல் சூட்டில் சுருங்கி, ஆறியதும் திரும்பி வந்தால் அது படிகத்தின் மின்கசிவோ உலோகத்தின் இயல்பான தடையோ, படலம் சிதையவில்லை. திரும்பி வராவிட்டால் சந்தேகம் படலத்தின் மேல். ஆறிய பிறகு குறைந்த அதிர்வெண்ணில் மின்தேக்கத்தை அளந்து பாருங்கள். மின்தேக்கம் குறைந்திருந்தால் விரல்கள் சில அறுந்திருக்கின்றன. மின்தேக்கம் அப்படியே இருந்து சிக்னல் மட்டும் மங்கினால் தடை கூடியிருக்கிறது. மின்தேக்கம் ஏறக்குறைய பூஜ்ஜியம் என்றால் முதலில் வயரைப் பாருங்கள், படலத்தை அல்ல.

செலவும் காலமும்

பெரிய செலவு மூன்று: படிக வேஃபர், பிளாட்டினம், தூய்மை அறை மணிநேரம். நான்காம் படிக்கு இவற்றில் மிகக் கொஞ்சமே போகும், அதைத் தவிர்த்தவர்களுக்கு மூன்றும் இரட்டிப்பாகும். வேறு குழு அதே வாரத்தில் பிளாட்டினம் படிய வைக்கிறதா என்று கேட்டு உங்கள் துண்டுகளையும் அதில் சேர்த்துவிடுங்கள். உலோகத்தில் பெரும்பகுதி கருவியின் சுவரில்தான் படிகிறது, இன்னொரு துண்டு வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

நாள்காட்டி எனக்கு இப்படி அமைந்தது: படிகமும் இலக்குத் தட்டும் வர இரண்டு மாதம், அந்த இடைவெளியில் அனுமதியும் மாஸ்க் வரைபடமும், படலச் சோதனைக்கு ஒரு மாதம், சென்சார் செய்ய மூன்று வாரம், உலைச் சுற்றுகளுக்கு இரண்டு வாரம். மாஸ்க்கை மட்டும் படலச் சோதனை முடிந்த பிறகு ஆர்டர் செய்யுங்கள், தடிமன் மாறினால் விரல் அகலமும் மாறும்.

ஒவ்வொரு படிவிலும் ஒரு சாட்சித் துண்டை உலையில் வைக்காமல் தனியே எடுத்து வைத்து, பின்புறத்தில் தேதி, அழுத்தம், படிவு வேகம் மூன்றையும் பென்சிலில் எழுதுங்கள்.